டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார்

மலையையும் கடலையும் கண்டு வியப்பார் பலர். கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள்களின் அமைப்பை ஆராய்ந்து உலகிற்கு உபகாரஞ் செய்தார் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆங்கில நாட்டு டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார்.

இவர் 1910-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் எகிப்து தேசத்துக் கெய்ரோ நகரில் ஆங்கிலப் பெற்றோர்க்கு மகளாய்ப் பிறந்தார். இங்கிலாந்தில் பெக்கிள்ஸ் என்னும் ஊரில் இவர் பயின்ற பள்ளியில் ரஸாயன வகுப்பு ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. இவரும் தோழி ஒருத்தியும் அனுமதி பெற்று அவ்வகுப்பிற் சேர்ந்தனர். இவருடைய 16-ஆம் பிறந்த நாளில் அன்னையார் அளித்த பரிசு ஸர் வில்லியம் பிராக் எழுதிய நூலாகும். எக்ஸ் கிரணங்கள் பளிங்கினுட் புகுந்து சிதறிப் படச்சுருளிற் புள்ளிகளாகப் பதியும் என்பதையும், அப்புள்ளிகளைக் கணக்கிட்டு அணுக்கள் நிற்கும் நிலையை அறியலாம் என்பதையும் அந்நூலால் உணர்ந்தார்.

ஆக்ஸ்போர்டிற் பட்டம் பெற்றபின், கேம்பிரிட்ஜில் பெர்னால் என்னும் அறிஞரிடம் பணியாற்றினார். புரதப் பளிங்கு உலர்ந்தால் தெளிவான புள்ளிகளைத் தாராது. தான் விளைந்த நீரில் நனைந்திருப்பின் தரும். இவ்வுண்மையைப் பெப்ஸின் என்னும் புரதத்தைக் கொண்டு 1934-இல் இருவரும் வெளியிட்டனர்.

மீண்டும் ஆக்ஸ்போர்டிற்கு வந்த அம்மையாருக்கு, நீரிழிவு நோய்க்கு மருந்தாகிய இன்ஸுலின் சிறிதளவு கிடைத்தது. அதன் பளிங்குகளோ மிகச் சிறியன. அகன்ற கிரணக்கற்றை சிறு பளிங்கின்மேல் விழுந்தால், பெரும்பகுதி புறத்தே சென்று சூழ்ந்துள்ள நீரிலும் கண்ணாடியிலும் சிதறிப் படத்தைக் கறுக்கச் செய்யும்; பளிங்கு தரும் மங்கிய புள்ளிகள் அக்கறுப்பில் மறைந்துபோம். ஆதலின் அம்மையார் அப்பளிங்குகளைக் கரைத்து, மீண்டும் பெரியனவாக வளர்த்து, 1935-இற் படமெடுத்தார். படம் கிடைத்தது, அதன் பொருளோ அன்று விளங்கவில்லை.

1937-இல் திருமணம் புரிந்து மூன்று மக்களுக்குத் தாயானார். 28-ஆம் வயதிலேயே மூட்டுவாதம் பற்றிக் கைவிரல்கள் கோணின. எக்ஸ் கிரணக் கருவியின் விசையைத் திருப்ப இயலாமற்போகவே, அதற்கு நீண்ட கைப்பிடி பொருத்துவித்துப் பணியைத் தொடர்ந்தார். 1945-இற் பெனிஸிலினின் அமைப்பையும், பத்தாண்டுகட்குப்பின் பி12 வைட்டமினின் அமைப்பையும் கண்டார். 1964-இல் நோபல் பரிசு வந்தது. இன்ஸுலினை மறந்தாரல்லர். முதற் படமெடுத்து 34 ஆண்டுகள் சென்றபின், 1969-இல் அதன் அமைப்பு முற்றும் விளங்கிற்று. அவ்வெற்றிக்குத் துணைநின்ற இளைஞருள் நம் பாரத நாட்டு விஜயனும் ஒருவர். அம்மையார் 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் நாள் காலமானார்.

இன்று பிரான்ஸ் தேசத்துக் கிரனோபில் முதலிய இடங்களில், ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கி அவற்றுட் சில கூறுகளே அகலமுள்ள கிரணக்கற்றையை உண்டாக்குகின்றனர். அது பளிங்கின்மேல் மட்டும் படுவதால் வீண்சிதறல் குறைகிறது. அம்மையார் கரைத்து வளர்க்க நேர்ந்தது போன்ற நுண்பளிங்குகளும் இன்று ஆராய்ச்சிக்கு உதவுகின்றன. பளிங்கின் ஈரத்தைக் காக்கவேண்டும் என்னும் நெறியோ இன்றும் மாறவில்லை.

அன்பர்களே! ஆண்பிள்ளைகளின் வகுப்பில் அன்று ஒரு சிறுமிக்கு இடமளித்ததனால் உலகம் பெற்ற பயன் இத்துணை. நம் இல்லத்துப் பெண்மக்கள் ஒரு கல்வியை விரும்பிக் கேட்கும்போது, அது அவர்கட்கு ஏற்றதன்று எனச் சொல்லுமுன், பெற்றோர் இவ்வம்மையாரின் சரித்திரத்தைச் சிறிது சிந்திப்பாராக.