மரபு நெறி கண்ட மெண்டல்

தோற்றுவாய்

ஆலம் விதையிலிருந்து ஆலமரமே முளைக்கின்றது. வேப்பங்கொட்டையிலிருந்து வேம்பே தோன்றுகின்றது. இவ்வாறு பெற்ற உயிரின் இயல்பு பிறந்த உயிரிடத்தும் அமைதலை மரபு என்பர். நூலைப் போலவே சேலை அமையும் என்று நம் முன்னோர் இதனை உவமையாற் கூறினர். ஆயினும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அனைவரும் ஓரச்சில் வார்த்தாற்போல் இருப்பதில்லை. ஒருவன் தந்தையை ஒத்திருக்கின்றான். மற்றொருவன் தாயை ஒத்திருக்கின்றான். மூன்றாமவனோ இருவரிடத்தும் காணப்படாத பாட்டனாரின் சாயலைப் பெற்று விளங்குகின்றான். இதனை வேறுபாடு என்று உயிரியலார் வழங்குவர்.

மரபும் வேறுபாடும் எந்நெறியில் இயங்குகின்றன? இவ்வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடை கிடைக்கவில்லை. பாலும் நீரும் கலப்பதுபோலத் தாய் தந்தையரின் பண்புகள் மகவினிடத்துக் கலந்துவிடுகின்றன என்றே அறிஞர் பலர் கருதினர். அங்ஙனமாயின், கலந்த பண்பு மீண்டும் பிரிந்து வருதல் இயலாது. பாட்டன் சாயல் பேரனிடத்துத் தோன்றுதற்குக் காரணமும் கூற இயலாது. இப்புதிரை விடுவித்தவர் பெரும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். மடம் ஒன்றில் வாழ்ந்த துறவியார். அவர்தம் ஆராய்ச்சிக்கூடம் ஒரு சிறு தோட்டம்; ஆராய்ச்சிப் பொருள் பட்டாணிச் செடி. அவரே கிரிகோர் மெண்டல் என்னும் பெரியார்.

பிறப்பும் இளமையும்

மெண்டல் 1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஹெயின்சென்டார்ப் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் யோகான் என்பது. தந்தையார் ஓர் எளிய உழவர். தம் நிலத்தில் உழைத்ததோடு, அக்கால வழக்கப்படி வாரத்தில் மூன்று நாள் நிலக்கிழாரின் நிலத்திலும் அவர் பாடுபட வேண்டியிருந்தது. அத்துணை உழைப்பினிடையேயும் அவர் பழமரங்களை ஒட்டுக்கட்டி வளர்ப்பதில் ஈடுபாடு கொண்டிருந்தார். தந்தையாருடன் தோட்டத்தில் உலவிய சிறுவர் யோகான், செடிகொடிகளின் இயல்பைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தார்.

சிறுவரின் கூரிய அறிவைக் கண்ட ஆசிரியர், அவரை மேற்படிப்புக்கு அனுப்புமாறு பெற்றோரைத் தூண்டினார். வெளியூரில் தங்கிப் படிக்கும் மகனுக்கு முழு உணவுக்குரிய பொருளை அளிக்கவும் பெற்றோர்க்கு வசதியில்லை. ஆதலின் அரைவயிற்று உணவோடு அவர் கற்றார். 1838ஆம் ஆண்டில் மரம் ஒன்று சரிந்து வீழ்ந்ததால் தந்தையார் கடுங்காயமுற்றார். அதன்பின் வீட்டிலிருந்து வந்த சிறு உதவியும் குன்றியது. யோகான் பிற மாணவர்க்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்துப் பொருளீட்டினார். வறுமையும் அயர்வும் வருத்த, பன்முறை நோயுற்றார்.

இந்நிலையில் அவர்தம் இளைய தங்கை தெரேசியா, தம் திருமணத்திற்கென ஒதுக்கியிருந்த சீர்ப்பொருளில் ஒரு பகுதியைத் தமையனாரின் கல்விக்கு மனமுவந்து ஈந்தார். அவ்வுதவியை மெண்டல் வாழ்நாள் முழுதும் மறந்தாரில்லை. பிற்காலத்தில் அத்தங்கையின் மைந்தர் மூவரையும் தம் பொறுப்பில் படிக்கவைத்தார். அவருள் இருவர் மருத்துவராயினர்.

துறவும் தோல்வியும்

பொருட்கவலையின்றிக் கற்க விழைந்த யோகான், 1843ஆம் ஆண்டில் பிர்னோ நகரத்துத் தூய தோமையார் மடத்திற் சேர்ந்தார். ஆங்கு அவருக்குக் கிரிகோர் என்னும் துறவுப் பெயர் வழங்கப்பட்டது. அம்மடம் சமய நிலையமாக இருந்ததோடு கல்வி நிலையமாகவும் திகழ்ந்தது. மடத்துத் தலைவரான சிரில் நாப் என்பார் அறிவியலிற் பெருவிருப்பம் உடையவர்.

மெண்டல் 1847இல் குருவானார். ஆயின், நோயாளிகளின் துயரைக் காணப் பொறாத மென்மையான உள்ளம் அவருடையது. அவரைச் சமயத்தொண்டில் ஈடுபடுத்துவதினும் கல்வித்தொண்டில் ஈடுபடுத்துதலே தக்கது எனத் தலைவர் கருதி, 1849இல் பள்ளி ஆசிரியராக அனுப்பினார். மாணவர் அவரை விரும்பினர். நிலையான ஆசிரியராதற்குத் தேர்வொன்றில் வெற்றி பெறுதல் வேண்டும். 1850இல் அத்தேர்வை எழுதிய மெண்டல், இயற்கைப்பொருள் நூலில் தேறவில்லை. உயிரியலுக்கே அடிப்படை வகுத்தவர் உயிரினங்களைப் பற்றிய தேர்வில் தவறினார் என்பது வியப்பன்றோ!

தலைவர் நாப் மனந்தளரவில்லை. மெண்டலை 1851இல் வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஆங்கு இரண்டாண்டுகள் அவர் இயற்பியலும் கணிதமும் செடிநூலும் கற்றார். எதனையும் அளந்தும் எண்ணியும் முடிவு காணவேண்டும் என்னும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது. திரும்பிவந்து 1856இல் மீண்டும் தேர்வுக்கு முயன்றார். அம்முறையும் அது கைகூடவில்லை. அவர் துணையாசிரியராகவே பணியைத் தொடர்ந்தார். அதே ஆண்டில், உலகை வியப்பில் ஆழ்த்தவிருந்த ஆராய்ச்சியையும் தொடங்கினார்.

பட்டாணித் தோட்டம்

மடத்தின் தோட்டத்தில் ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடைய சிறு நிலம் அவருக்குக் கிடைத்தது. ஆராய்ச்சிக்கு அவர் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததில் நுண்ணறிவு விளங்குகின்றது. பட்டாணிப் பூவின் இதழ்கள் மகரந்தத்தாள்களையும் சூலகத்தையும் நன்கு மூடியிருத்தலின், ஒரு பூவின் மகரந்தத் தூள் அப்பூவின் சூல்முடியிலேயே படிகின்றது. இதனைத் தன்மகரந்தச் சேர்க்கை என்பர். ஆதலின் அதன் இனம் தலைமுறை தோறும் தூய்மை கெடாமல் வருகின்றது. ஆராய்வோர் விரும்பினால், முதிராத பூவின் மகரந்தத்தாள்களை நீக்கிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத் தூளைச் சூல்முடியில் தூவலாம். இஃது அயல்மகரந்தச் சேர்க்கை எனப்படும்.

மெண்டல் பலவகைப் பட்டாணி விதைகளைத் திரட்டி, இரண்டாண்டுகள் பயிரிட்டு, இனத்தூய்மை உடையவற்றையே தெரிந்துகொண்டார். பின்னர் ஏழு பண்புகளை மட்டும் ஆய்வுக்கு வரையறுத்தார். அவை விதையின் வடிவம், விதையின் நிறம், பூவின் நிறம், காயின் வடிவம், காயின் நிறம், பூ அமையும் இடம், செடியின் உயரம் என்பனவாம். எல்லாப் பண்புகளையும் ஒருசேர நோக்கித் திகைப்புறாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்கியமையே அவர்தம் வெற்றிக்கு வித்தாயிற்று.

நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் அவர் கலந்தார். அக்கலப்பினால் தோன்றிய முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் நெட்டையாகவே இருந்தன. நடுத்தர உயரமுள்ள செடி ஒன்றேனும் இல்லை. குட்டைத்தன்மை எங்கே சென்றது? அஃது அழிந்துவிட்டதா? மெண்டல் முதல் தலைமுறைச் செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, அவற்றின் விதைகளை ஊன்றினார். இரண்டாம் தலைமுறையில் முளைத்த 1,064 செடிகளுள் 787 நெட்டை, 277 குட்டை. மறைந்திருந்த குட்டைத்தன்மை சிறிதும் குறைவின்றி மீண்டும் வெளிப்பட்டது.

உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் வைத்துச் செய்த ஆய்வில், இரண்டாம் தலைமுறையில் 5,474 விதைகள் உருண்டையாகவும் 1,850 விதைகள் சுருங்கியும் இருந்தன. நிறத்தை ஆய்ந்தபோது 6,022 விதைகள் மஞ்சளாகவும் 2,001 விதைகள் பச்சையாகவும் இருந்தன. எப்பண்பை நோக்கினும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதமே வந்தது.

கண்ட உண்மைகள்

முதல் தலைமுறையில் வெளிப்படும் பண்பை ஓங்கு பண்பு என்றும், மறைந்து நிற்கும் பண்பை ஒடுங்கு பண்பு என்றும் நாம் இன்று வழங்கும் பெயர்கள் மெண்டல் இட்ட பெயர்களின் வழிவந்தனவே. மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்திற்கு அவர் கூறிய காரணம் எளியது. ஒவ்வொரு பண்புக்கும் செடியினுள் இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று தந்தை வழியாக வந்தது. மற்றொன்று தாய் வழியாக வந்தது. அச்செடி இனப்பெருக்கம் செய்யுங்கால் அவ்விரண்டும் ஒன்றோடொன்று கலவாமல் பிரிகின்றன. ஒரு மகரந்தத்திலோ சூலிலோ அவற்றுள் ஒன்றே சேர்கின்றது.

கலப்பினச் செடியில் நெட்டைக்குரிய காரணி ஒன்றும் குட்டைக்குரிய காரணி ஒன்றும் உள்ளன. அவை பிரிந்து மீண்டும் இணையுங்கால் நெட்டையும் நெட்டையும், நெட்டையும் குட்டையும், குட்டையும் நெட்டையும், குட்டையும் குட்டையும் என நால்வகைச் சேர்க்கைகள் உண்டாகும். நெட்டைக் காரணி ஒன்றேனும் உள்ள முதல் மூன்றும் நெட்டைச் செடியாகும்; இறுதியது மட்டுமே குட்டைச் செடியாகும். அம்மூன்று நெட்டைச் செடிகளும் தோற்றத்தில் ஒன்றேயாயினும் அமைப்பில் ஒன்றல்ல. முதலாவது, தூய நெட்டை; ஏனைய இரண்டும் குட்டைத்தன்மையை உள்ளே கரந்து வைத்திருப்பவை. ஆதலின், ஓர் உயிரின் புறத்தோற்றம் வேறு. அதன் உள்ளமைப்பு வேறு என்னும் அரிய உண்மை புலனாயிற்று.

அடுத்து, இரண்டு பண்புகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, விதையின் வடிவமும் நிறமும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே வழிவழிச் செல்வதையும் அவர் கண்டார். எட்டாண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை அவர் வளர்த்து ஆராய்ந்தார் என்றால், அவர்தம் பொறுமையை என்னென்பது!

உலகம் அறியவில்லை

1865ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் பிர்னோ இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் மெண்டல் தம் ஆய்வை இரு கூட்டங்களில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் அது கழகத்தின் இதழில் அச்சேறியது. செடிநூலையும் கணக்கையும் ஒருங்கிணைத்த அப்புதுமையின் அருமையை எவரும் உணர்ந்திலர். புகழ்பெற்ற செடிநூல் அறிஞராகிய நேகலி என்பாருக்கு அவர் தம் கட்டுரையை அனுப்பினார். அவரும் அதன் பொருளை முற்ற உணர்ந்தாரில்லை. நேகலி ஆராய்ந்துவந்த வேறொரு காட்டுச்செடியில் மெண்டலும் தம் ஆய்வைச் செய்து பார்த்தார். அச்செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை ஈனுவது. அவ்வுண்மை அந்நாளில் அறியப்படாமையின், எதிர்பார்த்த முடிவு கிட்டவில்லை.

1868இல் மெண்டல் மடத்தின் தலைவரானார். ஆட்சிப் பொறுப்புகள் பெருகின. அரசு 1874இல் மடங்களின்மீது விதித்த வரியை முறையற்றதென அவர் எதிர்த்து நின்றமையால், இறுதி ஆண்டுகள் வழக்கும் கவலையுமாகக் கழிந்தன. அந்நிலையிலும் தேனீ வளர்த்தலையும் வானிலையைக் குறித்துவைத்தலையும் அவர் கைவிடவில்லை. 1884ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், தம் 61ஆம் வயதில் அவர் மறைந்தார். நல்ல துறவியார், நல்ல ஆசிரியர் என்றே மக்கள் வருந்தினர். மாபெரும் அறிவியலார் ஒருவரை இழந்தோம் என அன்று உணர்ந்தவர் இலர்.

மறைந்தது வெளிப்பட்டது

1900ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு டி விரீஸ், செருமானிய நாட்டுக் காரென்ஸ், ஆஸ்திரிய நாட்டுச் செர்மாக் ஆகியோர் தனித்தனியே கலப்பின ஆய்வு செய்து, மெண்டல் கண்ட விகிதங்களை ஒத்த முடிவுகளை வெளியிட்டனர். முன்னோர் நூல்களைத் தேடியபோது, 34 ஆண்டுகட்கு முன்பே ஒரு துறவியார் அதனைத் தெளிவாக எழுதிவைத்திருந்தமை தெரிந்தது. அறிவுலகம் மெண்டலின் பெயரைப் போற்றலாயிற்று.

ஆங்கில அறிஞர் பேட்சன் 1905இல் இத்துறைக்கு இட்ட பெயரையே தமிழில் மரபியல் என்கின்றோம். மெண்டல் கூறிய காரணிக்கு 1909இல் யோகான்சன் என்னும் டேனிய அறிஞர் புதுப்பெயர் சூட்டினார். அதுவே தமிழில் மரபணு எனப்படுகின்றது. மரபணுக்கள் உயிரணுவினுள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பதும், அவை டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆயவை என்பதும் பின்னர் அறியப்பட்டன. 1953இல் அப்பொருளின் முறுக்கேணி அமைப்பும் தெளிவாயிற்று. எல்லாப் பண்புகளும் பட்டாணியின் பண்புகளைப்போல் எளிய விகிதத்தில் அமைவதில்லை; மனிதனின் உயரம் போன்றவை மரபணுக்கள் பலவற்றாலும், உணவு முதலிய சூழ்நிலைகளாலும் அமைகின்றன. எனினும், அவற்றை விளக்குதற்கும் மெண்டல் நெறியே அடிப்படையாகும். விளைச்சல் மிகுந்த பயிர்வகைகளை உண்டாக்குதற்கும், வழிவழி வரும் நோய்களை அறிதற்கும் அதுவே துணைநிற்கின்றது.

முதல் தலைமுறையில் மறைந்த குட்டைத்தன்மை அடுத்த தலைமுறையில் குன்றாமல் வெளிப்பட்டதை மெண்டல் கண்டார். அவர்தம் அரிய உழைப்பும் அங்ஙனமே ஒரு தலைமுறை மறைந்திருந்து, மறு தலைமுறையில் ஒளியுடன் வெளிப்பட்டது. தேர்வில் தவறியவர் என்றோ, பாராட்டுப் பெறாதவர் என்றோ எவரையும் எளியராக எண்ணுதல் தகாது. புறத்தே தோன்றுவதைக் கொண்டே உள்ளிருப்பதை முடிவு செய்யலாகாது என்பதற்கு அவர் ஆராய்ந்த பட்டாணியும் சான்று. அவர் வாழ்வும் சான்று.