சாண்டோ சின்னப்பா தேவர்: படிப்படியாக ஏற்றிய பளு

நம் உடற்பயிற்சி அறைக்குக் கெட்டில்பெல் வந்ததிலிருந்து இரண்டு கேள்விகள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எத்தனை கிலோவில் தொடங்குவது? கைப்பேசியில் பார்த்த இரண்டு மூன்று பயிற்சித் திட்டங்களை ஒன்றாகச் செய்யலாமா? இரண்டுக்கும் வழிகாட்ட நம் கோவையிலேயே ஒருவர் வாழ்ந்தார். மூத்தவர்கள் அவரைப் படத் தயாரிப்பாளராக அறிவோம். அதற்கு முன்பே அவர் பெயர் பெற்ற பயில்வான்.

எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் 1915 ஜூன் 28 அன்று கோவை ராமநாதபுரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பங்கஜா மில்லில் மாதம் 9 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பிறகு பால் வியாபாரம், சோடா வியாபாரம் என்று பிழைப்பு நடந்தது. இதற்கு நடுவில்தான் உடம்பை வளர்த்தார். நண்பர்களோடு சேர்ந்து தேகப் பயிற்சி சாலையும் நடத்தினார்.

'சாண்டோ' என்ற பட்டம் அந்தக் கட்டுடலுக்காக வந்தது. யூஜின் சாண்டோ என்பவர் 1867-இல் பிரஷ்யாவில் பிறந்து, லண்டனில் புகழ் பெற்ற உடற்பயிற்சி நிபுணர். 1905-இல் இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்தினார். மேடையில் பெரும் பளுவைத் தூக்கிக் காட்டினாலும், சாதாரண மக்களுக்கு அவர் சொல்லித் தந்தது லேசான டம்பெல்லில் தொடங்கும் முறைதான். எண்ணிக்கையை மெல்லக் கூட்ட வேண்டும், எடையைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

நம் ஊர் தேகப் பயிற்சி சாலைகளின் வழக்கமும் ஏறக்குறைய அதுவே. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, குஸ்தி எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஆகவே பல பயிற்சிகளைச் சேர்த்துச் செய்வது நமக்குப் புதிதல்ல. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. தண்டாலும் பஸ்கியும் அடித்தளம். கர்லாக்கட்டை தோளுக்கும் முதுகுக்கும். புதிதாக வருபவர் கையில் சிறிய கட்டையைத்தான் கொடுப்பார்கள். அது தடுமாறாமல் சுழன்ற பிறகே பெரிய கட்டை கைக்கு வரும்.

தேவர் சினிமாவில் வளர்ந்ததும் இப்படித்தான். 1940-இல் சிறு வேடத்தில் தொடங்கினார். 1947-இல் வந்த 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆரோடு மோதும் பயில்வானாக நடித்தார். எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படம் அது. சொந்தமாகத் தேவர் பிலிம்ஸைத் தொடங்கி 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்தது 1956-இல். இடையே 16 ஆண்டுகள். எம்.ஜி.ஆரை வைத்து அவர் தயாரித்த படங்களும் 16. தம்பி எம்.ஏ. திருமுகம் அவருடைய பெரும்பாலான படங்களை இயக்கினார். சிக்கனமாகத் திட்டமிட்டு, சொன்ன காலத்தில் முடிப்பவர் என்று தேவர் பெயர் வாங்கினார். 1971-இல் ராஜேஷ் கன்னாவை வைத்து எடுத்த 'ஹாத்தி மேரே சாத்தி' நாடு முழுவதும் ஓடியது. யானைகளை வாசலிலேயே பார்க்கும் வால்பாறைக்காரர்களுக்கு அந்தப் படம் தனிப் பிரியம். முருக பக்தரான அவர் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை மருதமலை உள்ளிட்ட கோயில்களுக்குச் செலவிட்டார். 1978 செப்டம்பர் 8 அன்று, 63 வயதில் காலமானார்.

இனி நம் கெட்டில்பெல்லுக்கு வருவோம். ரஷ்யச் சந்தையில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல் அது. அங்கே ஒரு 'பூட்' என்பது சுமார் 16 கிலோ. அதனால்தான் 8, 16, 24, 32 என்ற வரிசை. கர்லாவைப் போலவே இதிலும் பளு கைப்பிடிக்கு வெளியே தொங்குகிறது. வீசும்போது உண்மையான எடையைவிட அதிகமாக இழுக்கும். புதிதாகத் தொடங்கும் ஆரோக்கியமான ஆணுக்கு 12 முதல் 16 கிலோ, பெண்ணுக்கு 8 கிலோ என்பது பொதுவான கணக்கு. 60 தாண்டிய நாம் 4 அல்லது 6-இல் தொடங்கினால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரே எடை எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தாது. இரு கையால் வீசுவதற்கு ஏற்ற எடை, தலைக்கு மேல் தூக்குவதற்கு அதிகம். முதுகு வளையாமல் பத்து முறை செய்து, இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு மிச்சம் இருந்தால் அதுவே சரியான எடை.

திட்டங்களைச் சேர்ப்பதும் அப்படியே. முழுத் திட்டம் இரண்டை ஒரே வாரத்தில் அடைத்தால், கையிருப்புக்கு மேல் காசோலை கொடுத்த கதைதான். உடம்பு திருப்பி அனுப்பிவிடும். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதிலிருந்து ஒன்றிரண்டு பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் ஓய்வு. எடையும் எண்ணிக்கையும் ஒரே நாளில் கூடக் கூடாது. ரத்த அழுத்தம், முதுகுவலி, குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொட வேண்டும்.

செய்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.