எட்வர்ட் லொரென்ஸ்

எட்வர்ட் நார்ட்டன் லொரென்ஸ் (மே 23, 1917 - ஏப்ரல் 16, 2008) ஓர் அமெரிக்கக் கணிதவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறையில் வானிலை முன்னறிவிப்பாளராகப் பணியாற்றிய இவர், போருக்குப் பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வாளராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். வானிலையை எவ்வளவு காலத்திற்கு முன்கூட்டி அறிய முடியும் என்னும் கேள்வியை ஆராய்ந்ததன் வழியாக ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் (கேயாஸ் கோட்பாடு) முன்னோடிகளுள் ஒருவரானார். வண்ணத்துப்பூச்சி விளைவு என்ற கருத்து இவர் பெயருடனேயே அறியப்படுகிறது.

இளமையும் கல்வியும்

லொரென்ஸ் கனெடிகட் மாநிலத்திலுள்ள வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை எட்வர்ட் ஹென்றி லொரென்ஸ் ஓர் இயந்திரப் பொறியாளர். தாய் கிரேஸ் நார்ட்டன். தாய்வழிப் பாட்டனாரான லூயிஸ் நார்ட்டன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1888 ஆம் ஆண்டில் வேதிப் பொறியியல் பாடத்திட்டத்தைத் தொடங்கியவர். சிறுவயதிலேயே லொரென்சுக்கு எண்கள், நிலப்படங்கள், வானியல் ஆகியவற்றில் ஈடுபாடு இருந்தது. கணிதப் புதிர்களைத் தந்தையுடன் சேர்ந்து விடுவிப்பதும், தாயிடம் கற்ற சதுரங்கம் ஆடுவதும் இவரது பொழுதுபோக்குகளாக இருந்தன. வானிலை மாற்றங்களைக் கவனிக்கும் ஆர்வமும் அக்காலத்திலேயே இருந்தது. எனினும் அதைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணம் அப்போது இருக்கவில்லை.

1938 ஆம் ஆண்டில் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதத்தில் இளநிலைப் பட்டமும், 1940 ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஹார்வர்டில் தொடர்ந்து முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது போர் குறுக்கிட்டது.

படைத்துறையில் வானிலைப் பணி

அமெரிக்கா போரில் இறங்கியதும் அதன் தரைப்படையின் வான்பிரிவுக்குப் பெருமளவில் வானிலை அதிகாரிகள் தேவைப்பட்டனர். அக்காலத்தில் நாட்டில் பயிற்சி பெற்ற வானிலையியலாளர்கள் மிகச் சிலரே இருந்தனர். எனவே கணிதம், இயற்பியல், பொறியியல் படித்த இளைஞர்களைத் தெரிவு செய்து ஐந்து பல்கலைக்கழகங்களின் வழியாக விரைவுப் பயிற்சி அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவற்றுள் ஒன்று. இத்திட்டத்தின் வழியாக ஆயிரக்கணக்கானோர் வானிலை அதிகாரிகளாயினர். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசை 1972 இல் பெற்ற கென்னத் ஆரோவும் போர்க்காலத்தில் வானிலை அதிகாரியாகப் பணியாற்றியவரே.

லொரென்ஸ் 1942 இல் இப்பயிற்சியில் சேர்ந்தார். 1943 இல் வானிலையியலில் மற்றொரு முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் பசிபிக் போர்முனைக்கு அனுப்பப்பட்டு சைப்பான், ஒக்கினாவா ஆகிய தீவுகளில் முன்னறிவிப்பாளராகப் பணிபுரிந்தார். மரியானாத் தீவுகளிலிருந்து யப்பானுக்குச் சென்ற குண்டுவீச்சு விமானங்கள் பல மணிநேரம் கடல்மேல் பறக்க வேண்டியிருந்தது. யப்பானுக்கு மேலே, உயர்வான்பகுதியில் மிகுந்த வேகத்தில் வீசும் காற்று விமானங்களின் எரிபொருள் கணக்கையும் இலக்கையும் குலைத்தது. ஆகவே மேல்வளிமண்டலக் காற்றின் திசையையும் வேகத்தையும் முன்கூட்டி அறிவிப்பது வானோடிகளின் உயிருடன் தொடர்புடைய பணியாக இருந்தது. ஆனால் பரந்த பெருங்கடற் பகுதியில் கண்காணிப்பு நிலையங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. போதிய தரவுகள் இன்றி, வரைபடங்களையும் அனுபவத்தையும் துணைகொண்டே முன்னறிவிப்புகள் ஆக்கப்பட்டன.

குடிசார் வாழ்வுக்குத் திரும்புதல்

1946 இல் படைச்சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது லொரென்சின் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஹார்வர்டுக்குத் திரும்பி, பாதியில் விட்ட கணித ஆய்வை முடிப்பது. மற்றது, போர் காரணமாகக் கற்க நேர்ந்த வானிலையியலையே தொடர்வது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வானிலையியல் துறைத் தலைவராக இருந்த ஹென்றி ஹவுட்டனுடன் கலந்துரையாடிய பின்னர் வானிலையியலைத் தெரிவு செய்தார். கணிதத்தில் தாம் பெற்ற பயிற்சியை வளிமண்டலச் சிக்கல்களுக்குப் பயன்படுத்தலாம் என்பதே இம்முடிவின் அடிப்படை.

1948 இல் ஜேம்ஸ் ஆஸ்டினின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். பாய்ம இயக்கவியற் சமன்பாடுகளைக் கொண்டு புயல்களின் நகர்வைக் கணிப்பது பற்றியதே இவரது ஆய்வேடு. அதே ஆண்டில் ஜேன் லோபனைத் திருமணம் செய்துகொண்டார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

பட்டம் பெற்ற பின் அதே கழகத்தில் ஆய்வாளராகப் பணியாற்றினார். 1955 இல் உதவிப் பேராசிரியராகவும் 1962 இல் பேராசிரியராகவும் ஆனார். 1977 முதல் 1981 வரை துறைத் தலைவராக இருந்தார். 1987 முதல் தகைசால் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1955 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றில், வளிமண்டலத்தில் உள்ள ஆற்றலில் எவ்வளவு பகுதி காற்றின் இயக்கமாக மாறக்கூடியது என்பதை வரையறுத்தார். வளிமண்டலப் பொதுச் சுழற்சி குறித்து இவர் எழுதிய நூலை உலக வானிலையியல் நிறுவனம் 1967 இல் வெளியிட்டது.

முன்னறிவிப்பு பற்றிய விவாதம்

1950 இல் எனியாக் கணினியைக் கொண்டு முதன்முதலாக வானிலை முன்னறிவிப்பு கணக்கிடப்பட்டது. இதன்பின் வானிலையியலாளரிடையே இரு போக்குகள் நிலவின. இயற்பியல் விதிகளின் சமன்பாடுகளைக் கணினியால் தீர்ப்பதே சரியான வழி என ஒரு சாரார் கருதினர். கடந்தகாலத் தரவுகளிலிருந்து நேரியல் புள்ளியியல் முறைகளால் அதே அளவு நல்ல முன்னறிவிப்பைப் பெறலாம் என மற்றொரு சாரார் கருதினர். புள்ளியியல் முன்னறிவிப்புத் திட்டம் ஒன்றின் பொறுப்பை ஏற்றிருந்த லொரென்சுக்கு இரண்டாவது கருத்தில் ஐயம் இருந்தது.

இதனைச் சோதிக்க, பன்னிரண்டு மாறிகளைக் கொண்ட எளிய செயற்கை வளிமண்டலம் ஒன்றை அவர் வடிவமைத்தார். தன்னைத் தானே திரும்பச் செய்யாத வானிலையை இதன் சமன்பாடுகள் தந்தன. அதனைப் புள்ளியியல் முறையால் முன்னறிவிக்க முடிகிறதா என்று பார்ப்பதே நோக்கம். கணக்கீடுகளுக்கு எல்ஜிபி-30 எனும், வெற்றிடக் குழாய்களால் இயங்கும் மேசை அளவிலான கணினி பயன்பட்டது. இதற்கான நிரலாக்கப் பணிகளில் மார்கரெட் ஹாமில்டனும் எல்லன் ஃபெட்டரும் உதவினர். ஹாமில்டன் பின்னாளில் அப்பல்லோ விண்கலங்களின் மென்பொருள் உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கினார்.

எதிர்பாராத முடிவு

1961 இல் ஒரு கணக்கீட்டை மேலும் விரிவாகப் பார்க்க விரும்பிய லொரென்ஸ், அதன் நடுவிலிருந்த எண்களைத் தொடக்க நிலையாகக் கொடுத்துக் கணினியை மீண்டும் இயக்கினார். பழைய முடிவே திரும்ப வரும் என்று எதிர்பார்த்தார். தொடக்கத்தில் அவ்வாறே வந்தது. பின்னர் இரு கணக்கீடுகளும் படிப்படியாக விலகி, முற்றிலும் வேறான வானிலையைக் காட்டின. முதலில் கணினி பழுதடைந்ததாகக் கருதினார். ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. கணினி தன் நினைவகத்தில் ஆறு தசம இடங்கள் வரை எண்களை வைத்திருந்தது. அச்சிட்டபோது மூன்று இடங்களையே காட்டியது. எடுத்துக்காட்டாக, 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்றே அவர் உள்ளிட்டிருந்தார்.

இவ்வளவு சிறிய வேறுபாடு இவ்வளவு பெரிய விளைவைத் தருமாயின், உண்மையான வளிமண்டலத்தைப் பற்றிய முடிவு தெளிவானது. வெப்பம், அழுத்தம், காற்று ஆகியவற்றை முழுத் துல்லியத்துடன் எவராலும் அளக்க இயலாது. எனவே நீண்டகாலத்திற்கான விரிவான வானிலை முன்னறிவிப்பு இயலாத ஒன்றாகும். கணினிகளின் வளர்ச்சியால் எல்லையற்ற முன்னறிவிப்பு கைகூடும் என்ற அக்கால நம்பிக்கைக்கு இது மாறானதாக இருந்தது.

1963 கட்டுரையும் லொரென்ஸ் ஈர்ப்பானும்

இவ்விளைவை மேலும் எளிய வடிவில் காட்ட லொரென்ஸ் விரும்பினார். பாரி சால்ட்ஸ்மன் என்பவர் வெப்பச் சலனம் பற்றி ஏழு மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதி ஒன்றை ஆராய்ந்து வந்தார். அதில் சில வேளைகளில் நான்கு மாறிகள் மறைந்து, எஞ்சிய மூன்றும் ஒழுங்கற்று மாறிக்கொண்டே இருந்தன. அம்மூன்றையும் மட்டும் கொண்டு லொரென்ஸ் அமைத்த தொகுதி, 1963 இல் அட்மாஸ்பியரிக் சயன்சஸ் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் இடம்பெற்றது. அதன் தீர்வுகளை வரைந்தால் இரு சிறகுகள் போன்ற வடிவம் கிடைக்கிறது. இது லொரென்ஸ் ஈர்ப்பான் எனப்படுகிறது.

வானிலையியலுக்கு வெளியே பல ஆண்டுகள் இக்கட்டுரை அதிகம் அறியப்படவில்லை. 1970களில் ஜேம்ஸ் யார்க் முதலிய கணிதவியலாளர்களின் பார்வைக்கு வந்த பிறகே பரவலாகப் படிக்கப்பட்டது.

வண்ணத்துப்பூச்சி விளைவு

1972 இல் வாசிங்டனில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டில் லொரென்ஸ் உரையாற்றினார். பிரேசிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பதால் டெக்சசில் சூறாவளி உருவாகுமா என்று வினவும் தலைப்பை அவ்வுரைக்குச் சூட்டியவர் பிலிப் மெரிலீஸ். இதற்கு முன்னர் லொரென்ஸ் கடற்பறவையின் சிறகடிப்பையே எடுத்துக்காட்டாகக் கூறியிருந்தார்.

வண்ணத்துப்பூச்சி தானே சூறாவளியை உண்டாக்குகிறது என்பது இதன் பொருளன்று. ஒரு சிறகடிப்பு சூறாவளி தோன்றக் காரணமாகலாம் என்றால், அதே அளவு தோன்றாமற்போகவும் காரணமாகலாம் என்பதை லொரென்ஸ் அவ்வுரையிலேயே விளக்கினார். சிறு வேறுபாடுகள் காலப்போக்கில் பெருகுவதால் முன்னறிவிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதே கருத்தாகும். அவ்வெல்லை ஏறத்தாழ இரு வாரங்கள் என 1969 இல் வெளியான அவரது ஆய்வுகள் சுட்டின.

முன்னறிவிப்பு முறையில் தாக்கம்

லொரென்சின் முடிவு வானிலை முன்னறிவிப்பைக் கைவிடச் செய்யவில்லை. அதன் முறையை மாற்றியது. ஒரே தொடக்க நிலையிலிருந்து ஒரு கணக்கீட்டைச் செய்வதற்குப் பதிலாக, சிறிது சிறிது வேறுபட்ட பல தொடக்க நிலைகளிலிருந்து பல கணக்கீடுகள் செய்யப்படுகின்றன. அவை ஒத்துப்போகும் அளவைக் கொண்டு முன்னறிவிப்பின் நம்பகத்தன்மை மதிப்பிடப்படுகிறது. இத்தகைய தொகுதி முன்னறிவிப்பு முறை 1992 டிசம்பரில் ஐரோப்பிய இடைக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்திலும் அமெரிக்க தேசிய மையத்திலும் நடைமுறைக்கு வந்தது. புயல்களின் பாதையை ஒற்றைக் கோடாக அன்றி, விரிந்து செல்லும் பரப்பாகக் காட்டும் வழக்கத்தின் பின்னணியில் இக்கருத்தே உள்ளது.

விருதுகளும் சிறப்புகளும்

1969 - ரொஸ்பி ஆய்வுப் பதக்கம், அமெரிக்க வானிலையியல் கழகம்
1973 - சைமன்ஸ் தங்கப் பதக்கம், அரச வானிலையியல் கழகம்
1975 - அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர்
1983 - கிராஃபோர்டு பரிசு (ஹென்றி ஸ்டோமலுடன் இணைந்து)
1991 - கியோத்தோ பரிசு

மறைவு

லொரென்ஸ் அமைதியான இயல்பும் குறைவான பேச்சும் உடையவராக அறியப்பட்டார். மலைநடையிலும் பனிச்சறுக்கிலும் முதுமை வரை ஈடுபட்டார். ஒழுங்கின்மை குறித்துப் பொது வாசகர்களுக்காக அவர் எழுதிய நூல் 1993 இல் வெளியானது. 2001 இல் மனைவி ஜேன் காலமானார். இறுதி வாரங்களிலும் லொரென்ஸ் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பணியாற்றி வந்தார். 2008 ஏப்ரல் 16 ஆம் நாள் மாசச்சூசெட்சின் கேம்பிரிட்ஜ் நகரில் தமது 90 ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார். காலநிலை ஆய்வுக்கென மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2011 இல் நிறுவப்பட்ட மையத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.