வணிகத் தலைவர் வ. உ. சி.

கார்டன் ரீச்சில் குடியிருக்கும் எனக்கு ஹூக்ளி ஆற்றில் செல்லும் கப்பல்களைக் காண்பது அன்றாடப் பழக்கம். 1884-இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960-இல் அரசுடைமையான கப்பல் கட்டும் தளம் இங்கேதான் உள்ளது. விடுதலை இந்தியாவில் கட்டிய முதற் போர்க்கப்பலான அஜய் 1961-இல் இங்கிருந்துதான் கடற்படைக்குச் சென்றது. அத்தளத்தைக் கடக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் தூத்துக்குடிக்கு ஓடிவிடும்.

வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் செக்கிழுத்த செம்மல் என்றே பள்ளியில் படித்தோம். அவர் பட்ட துன்பத்தைப் போற்றும் நாம், அவர் தொழில் நடத்திய திறத்தை எண்ணிப் பார்க்கிறோமா?

1872 செப்டம்பர் 5-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து வழக்கறிஞரானவர் அவர். அந்நாளில் தூத்துக்குடி, கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. 1856-இல் அக்கம்பெனி தோன்றியது இதே கல்கத்தாவில். 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்ததும் இம்மண்ணில்தான். நோயும் மருந்தும் ஓரிடத்திலிருந்தே தூத்துக்குடிக்குச் சென்றன எனலாம்.

1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். சிறு வணிகனும் வாங்கக்கூடிய விலை அது. பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். முதலில் வாடகைக் கப்பல் ஓடிற்று. எதிரியின் நெருக்குதலால் அது நின்றது. பிள்ளை சோர்ந்தாரில்லை. பம்பாய் சென்று பணம் திரட்டி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொண்டுவரச் செய்தார். நம்மவர்க்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் பயிற்சி தருவதும் சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. கப்பல் வாங்குவதோடு நில்லாமல் ஆட்களையும் ஆக்க நினைத்ததே அவர் தொலைநோக்கு.

வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது. நட்டத்தைத் தாங்கும் பெருமுதல் அதனிடம் இருந்தது. பிள்ளையிடம் இருந்தது மக்களின் நம்பிக்கை. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் அவர் முன்னின்றார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

மார்ச்சு 12-இல் அவர் கைதானார். வங்கத் தலைவர் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததே அதற்கு வாய்ப்பாயிற்று. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. தலைவர் சிறையில் செக்கிழுக்க, வெளியே பங்குதாரர்கள் அஞ்சி ஒதுங்கினர். 1911-இல் சங்கம் கலைந்தது. அரும்பாடுபட்டு வாங்கிய கப்பல் எதிரியின் கைக்கே போயிற்று. சிறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார்.

1912 இறுதியில் வெளிவந்தவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வறுமை வந்தது, கடை வைத்துப் பிழைத்தார். 1936 நவம்பர் 18-இல் மறைந்தார்.

அறிவியல் மாணவனாகிய நான் தவறிய சோதனைகளையே மிகுதியும் ஆராய்கிறேன். இச்சோதனை தவறியது ஏன்? அரசின் கொடுமை முதற்காரணம், ஐயமில்லை. ஆயினும் ஒருவர் தோளிலேயே முழுப்பாரமும் இருந்ததும் ஒரு காரணம். அவர் விழ, யாவும் விழுந்தது. அது அவர் குற்றமா? பயிற்றுவிக்க நினைத்தவருக்குக் காலம் கிடைத்தது ஓராண்டும் சில திங்களுமே. குற்றம், பங்கு வாங்கியவர் துணிவை வாங்காமற்போனதில் உள்ளது.

தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டுதல் எளிது. நண்பர்களே, நம் சங்கத்திலும் செயலாளர் ஒருவர் ஊருக்குப் போனால் விழா நின்றுவிடுகிறது. தலைவர் இல்லாத நாளிலும் கப்பலைச் செலுத்தக் கற்போமானால், அதுவே அவருக்கு நாம் செய்யும் சிறப்பு.