காது போய்விடும் என்றார்கள் டாக்டர்கள்... கடலை விடாத பெண்! யார் இந்த கெர்ட்ரூட் எடர்லி?

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் யார்? பொது அறிவுப் புத்தகம் புரட்டியவர்கள் பதிலைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: கெர்ட்ரூட் எடர்லி, 1926. ஒரு மார்க் கிடைத்துவிடும், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனா அந்த நீச்சலுக்குப் பிறகும் அவர் 77 ஆண்டுகள் வாழ்ந்தார். காது கேட்காத குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் டீச்சராக இருந்தார். அந்தக் கதைதான் இது.

கறிக்கடைக்காரர் மகள்

1905 அக்டோபர் 23-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார் எடர்லி. ஜெர்மனியில் இருந்து குடியேறிய குடும்பம். அப்பா ஹென்றி மன்ஹாட்டனில் கறிக்கடை வைத்திருந்தார். செல்லப் பெயர் ட்ரூடி. சின்ன வயதில் வந்த தட்டம்மை காதைப் பாதித்தது. தண்ணீரில் இறங்கினால் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். கேட்டாரா? இல்லை. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகும் நியூஜெர்சியின் ஹைலேண்ட்ஸ் கடற்கரையில்தான் நீச்சல் பழகினார்.

அப்போது நியூயார்க்கில் பெண்களுக்கென்றே ஒரு நீச்சல் சங்கம் இருந்தது. சார்லட் எப்ஸ்டீன் என்ற பெண்மணி தொடங்கியது. அங்கே பயிற்சியாளர் லூயிஸ் ஹேண்ட்லி. கைகளை மாற்றி மாற்றி வீசி, காலை விடாமல் உதைத்துப் போகும் 'கிரால்' முறையை அவர் சொல்லிக்கொடுத்தார். குளத்துக்கு அது சரி, கடலில் மணிக்கணக்காக அப்படி நீந்த முடியாது, களைத்துவிடும் என்று அந்தக் காலத்தில் பலரும் நினைத்தார்கள். அந்த நினைப்பைத்தான் எடர்லி பிறகு உடைத்தார்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேவில் தங்கம், 100 மீட்டர், 400 மீட்டரில் வெண்கலம். மூன்று பதக்கம் வாங்கியும் அவருக்குத் திருப்தி இல்லை.

முதல் முயற்சியில் நடந்தது என்ன?

பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கால்வாய் மிகக் குறுகலான இடத்தில் சுமார் 33 கி.மீ. கேட்க ஒன்றும் பெரிசா தெரியாது. ஆனா குளிர்ந்த தண்ணீர், திசை மாறும் நீரோட்டம், நடுவில் கப்பல்கள். 1875-ல் மேத்யூ வெப் தொடங்கி 1923 வரை ஐந்தே ஐந்து ஆண்கள்தான் கடந்திருந்தார்கள்.

1925 ஆகஸ்ட்டில் எடர்லி இறங்கினார். பயிற்சியாளர் ஜேபஸ் வுல்ஃப். இவர் அதே கால்வாயைக் கடக்க 20 தடவைக்கு மேல் முயன்று ஒரு தடவையும் ஜெயிக்காதவர்! சுமார் ஒன்பது மணி நேரம் ஆன நிலையில், எடர்லி மூழ்குகிறார் என்று சொல்லி, கூட நீந்திய எகிப்து வீரரை விட்டுத் தூக்கச் சொன்னார் வுல்ஃப். யாராவது தொட்டாலே அவுட் என்பதுதான் விதி. சும்மா மிதந்து ஓய்வெடுத்தேன், தூக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை என்பது எடர்லியின் வாதம். அடுத்த வருஷமே அவர் திரும்பி வந்ததைப் பார்த்தால் அவர் சொன்னதைத்தான் நம்பத் தோன்றுகிறது.

14 மணி 34 நிமிடம்

இந்த முறை பயிற்சியாளர் பில் பர்ஜஸ். 1911-ல் கால்வாயைக் கடந்தவர். 1926 ஆகஸ்ட் 6 காலை ஏழு மணி தாண்டியதும், பிரான்ஸின் கேப் கிரி நே கரையில் இருந்து எடர்லி இறங்கினார். உடம்பு முழுக்கக் குளிர் தாங்கும் கிரீஸ். அக்கா மார்கரெட்டும் அவரும் சேர்ந்து யோசித்த இரண்டு துண்டு நீச்சல் உடை. உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க விளிம்பில் மெழுகு வைத்து அடைத்த கண்ணாடி. அப்பாவும் அக்காவும் பக்கத்தில் படகில். ஜெயித்தால் சிவப்பு கார் என்று அப்பா சத்தியம் செய்திருந்தார்.

மதியத்துக்கு மேல் வானிலை மோசமானது. போதும், ஏறிவிடு என்று படகில் இருந்து சொல்லியும் அவர் ஏறவில்லை. இரவில் இங்கிலாந்தின் கிங்ஸ்டௌன் கரையில் கால் வைத்தார். ஆண்களின் சிறந்த நேரம் 16 மணி 33 நிமிடம். அதைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு!

நியூயார்க்கில் நடந்த வரவேற்பு ஊர்வலத்துக்கு சுமார் 20 லட்சம் பேர் திரண்டார்கள் என்கிறார்கள். அப்போது அவருக்கு 20 வயது.

அதற்குப் பிறகு?

புகழ் வேகமாக வடிந்தது. ஊர்வலத்துக்கு மறுநாளே மில் கேட் கார்சன் என்ற இன்னொரு பெண் கால்வாயைக் கடந்தார். சில நாளில் ஜெர்மன் வீரர் ஒருவர் எடர்லியின் நேரத்தையும் முறியடித்தார். பெண்களில் மட்டும் அவர் ரெக்கார்டு 1950 வரை நின்றது. மேடை நிகழ்ச்சிகள், ஒரு சினிமா என்று கொஞ்ச காலம் ஓடியது. கூட்டமும் கூச்சலும் அவருக்குப் பிடித்த விஷயம் இல்லை. காது வேறு மங்கிக்கொண்டே போனது.

1933-ல் மாடிப்படியில் விழுந்ததில் முதுகுத்தண்டில் பலத்த அடி. இனி நடப்பதே கஷ்டம் என்றார்கள். வருஷக்கணக்கில் மாவுக்கட்டு. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் நீச்சல் ஷோவில் அவர் மறுபடி தண்ணீரில் இறங்கியதை, கால்வாய் சாதனைக்குக் கொஞ்சமும் குறையாததாகவே சொல்ல வேண்டும்.

1940-களில் காது முழுவதுமாகப் போனது. அதன் பிறகுதான் நியூயார்க்கின் லெக்ஸிங்டன் காது கேளாதோர் பள்ளியில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். நீச்சல் கோச் என்றாலே விசில், கரையில் நின்று கத்தல் எல்லாம் ஞாபகம் வரும். இங்கே அது எதற்கும் வேலை இல்லை. சொல்லித்தருபவருக்கும் கேட்காது, கற்றுக்கொள்பவருக்கும் கேட்காது. பார்த்துத்தான் பழக வேண்டும். தண்ணீர் காதைக் கெடுக்கும் என்று பயமுறுத்தப்பட்ட ஒருவர், காது கேட்காத பிள்ளைகளைத் தண்ணீருக்குள் அழைத்துப் போனார். இந்த வேலைக்கு ஊர்வலம் எதுவும் நடக்கவில்லை.

திருமணம் செய்துகொள்ளவில்லை. 1965-ல் சர்வதேச நீச்சல் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது. 2003 நவம்பர் 30-ல், 98 வயதில் நியூஜெர்சியில் காலமானார். 2024-ல் அவர் வாழ்க்கை சினிமாவாகவும் வந்தது.

இன்னொரு தகவல். கால்வாய் முயற்சிக்கு முன்பு, 1925-ல் நியூயார்க்கின் பேட்டரி பார்க்கில் இருந்து சாண்டி ஹூக் வரை சுமார் 35 கி.மீ. தூரத்தை 7 மணி 11 நிமிடத்தில் நீந்தியிருந்தார். அந்த ரெக்கார்டு உடைந்தது 2006-ல்தான். 81 வருஷம் கழித்து. அப்போது எடர்லி இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.