அதிவீரராம பாண்டியர்

அதிவீரராம பாண்டியர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டிய மன்னரும் தமிழ்ப் புலவரும் ஆவார். நைடதம், வெற்றிவேற்கை ஆகியன இவரது புகழ்பெற்ற நூல்கள். கொக்கோகம் என்னும் காமநூலின் தமிழாக்கமும் இவர் பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை

மதுரையை இழந்த பாண்டியர் தென்காசிப் பகுதியில் நிலைகொண்டு சிற்றரசர்களாக ஆண்டு வந்தனர். அம்மரபில் 1564ஆம் ஆண்டளவில் அதிவீரராமர் அரியணை ஏறினார். அப்போது மதுரையில் நாயக்கர் ஆட்சி நடைபெற்றது. சீவலமாறன் என்பது இவரது வேறு பெயர். இவருடைய உறவினரான வரதுங்கராம பாண்டியரும் புலவர். கருவை எனப்படும் கரிவலம்வந்தநல்லூருடன் தொடர்புடையவர். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தெற்கே செல்லும் சாலைகளுள் ஒன்று கரிவலம்வந்தநல்லூரையும் மற்றொன்று தென்காசியையும் அடைகின்றது.

நூல்கள்

- நைடதம் - சிறீஅர்சரின் வடமொழிக் காப்பியத்தைத் தழுவியது. புலவர்க்கு மருந்து போன்றது எனப் போற்றப்படுவது
- வெற்றிவேற்கை (நறுந்தொகை) - திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட நீதிநூல்
- காசி காண்டம்
- கூர்ம புராணம்
- இலிங்க புராணம்

கொக்கோகம்

கொக்கோகர் வடமொழியில் இயற்றிய இரதிரகசியம் என்ற நூலே தமிழில் கொக்கோகம் எனப்பட்டது. தமிழாக்கத்தை அதிவீரராமர் இயற்றினார் என்பாரும், வரதுங்கராமர் இயற்றினார் என்பாரும் உளர். நீதிநூலும் புராணமும் பாடிய அரசகுடும்பத்துடன் காமநூலும் சேர்த்துப் பேசப்படுவது, காமத்தையும் கற்கத்தக்க கலையாகக் கொண்ட மரபைக் காட்டுகிறது.

நகக்குறி, பற்குறி, தட்டுதல் முதலியவற்றை வகைப்படுத்தும் வழக்கம் வாத்சியாயனரின் காமசூத்திரத்திலிருந்து இந்நூல்களுக்கு வந்தது. இன்பத்துக்காக விரும்பி ஏற்கும் வலியைப் பேசிய வாத்சியாயனர், அதன் எல்லையையும் வற்புறுத்தினார். தென்னாட்டாரிடம் வழங்கிய சில கடுமையான அடிவகைகளை அவர் கண்டித்தார். சோழ மன்னன் ஒருவனின் அடியால் சித்திரசேனை என்னும் கணிகை இறந்ததையும், நரதேவன் என்பவனின் தவறிய அடியால் நடனப்பெண் ஒருத்தி ஒரு கண்ணை இழந்ததையும் சான்றாகக் கூறினார். நரதேவனைப் பாண்டியனின் படைத்தலைவன் என்று உரையாசிரியர் யசோதரர் குறிக்கின்றார். வேட்கை மிகுந்தவர் விரைந்தோடும் குதிரையைப் போல் பள்ளத்தைக் காணார். ஆகவே துணைவரின் மென்மையையும் வலிமையையும் அறிந்தே நடக்கவேண்டும் என்பது காமசூத்திரத்தின் முடிவாகும்.

பிற்கால ஒப்பீடு

ஐரோப்பாவில் இத்தகைய விருப்பங்களை மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோய்களாக வகைப்படுத்தினார். சாடிசம், மசோகிசம் என்னும் சொற்கள் அவரது நூல்களால் பரவின. பி.டி.எஸ்.எம். எனப்படும் இக்காலக் குழுக்களின் வழக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் உருவானவை. அவை இந்தியக் காமநூல்களிலிருந்து நேரே தோன்றியவை அல்ல. எனினும் இருவர் விருப்பம், பாதுகாப்பு, எல்லை ஆகியவற்றை அக்குழுக்கள் முதன்மையாகக் கொள்வதும், வாத்சியாயனரின் எச்சரிக்கையும் ஒப்பிடத்தக்கவை.