ரோக்கேயா சகாவத் உசேன்

ரோக்கேயா சகாவத் உசேன் (1880 - டிசம்பர் 9, 1932) வங்காள எழுத்தாளரும் கல்வியாளரும் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரும் ஆவார். பேகம் ரோக்கேயா என்று பரவலாக அறியப்படுகிறார். 1905 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழொன்றில் இவர் எழுதிய சுல்தானாவின் கனவு என்னும் சிறுகதை, பெண்கள் எழுதிய தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. முசுலிம் பெண் குழந்தைகளுக்காக இவர் கொல்கத்தாவில் நிறுவிய பள்ளி இன்றும் இயங்கி வருகிறது.

இளமையும் திருமணமும்

ரோக்கேயா, இன்றைய வங்காளதேசத்தின் ரங்கப்பூர் பகுதியில் உள்ள பைராபந்து என்னும் ஊரில் நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது குடும்பத்தில் கோஷா முறை கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆண் மக்கள் கொல்கத்தா சென்று கல்லூரியில் பயின்றனர். பெண் மக்களோ பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. சமய நூல்களை ஓதும் அளவிற்கு மட்டுமே அவர்களுக்குக் கல்வி அளிக்கப்பட்டது. வங்காளமும் ஆங்கிலமும் அவர்களுக்குத் தேவையற்றவை எனக் கருதப்பட்டன. தமக்கை கரிமுன்னிசாவிடம் வங்காளத்தையும், தமையன் இப்ராகிம் சாபேரிடம் ஆங்கிலத்தையும் இவர் கற்றார். வீட்டார் உறங்கிய பின் இரவில் விளக்கொளியில் தமையன் பாடம் சொல்லிக்கொடுத்ததாகக் கூறப்படுகிறது.

1890களின் பிற்பகுதியில் பாகல்பூரில் அரசு அலுவலராக இருந்த சையது சகாவத் உசேனை மணந்தார். மனைவியை இழந்தவரான சகாவத், ரோக்கேயாவை விட வயதில் மிகவும் மூத்தவர். மனைவி ஆங்கிலம் பயிலவும் எழுதவும் அவர் ஊக்கமளித்தார். இவர்களுக்குப் பிறந்த இரு பெண் குழந்தைகளும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தன.

சுல்தானாவின் கனவு

கணவர் அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காகவும் தம் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கவும் இக்கதையை ரோக்கேயா எழுதினார். திரும்பி வந்த கணவர் அதனை நின்றவாறே படித்து முடித்து, ஆண்கள் மீது தொடுக்கப்பட்ட கடுமையான பழிவாங்கல் என்று பாராட்டியதாக அவர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். கமலா சத்தியநாதன் 1901 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி நடத்திவந்த இந்தியன் லேடீஸ் மேகசின் என்னும் இதழில் கதை 1905 இல் வெளியானது. 1908 இல் நூலாக அச்சிடப்பட்டது.

இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியபடி நாற்காலியில் சாய்ந்திருக்கும் சுல்தானா, சாரா என்னும் தோழியுடன் பெண்நாடு என்னும் நாட்டை அடைகிறாள். அங்கே பெண்கள் தெருவில் அச்சமின்றி நடமாடுகின்றனர். ஆண்கள் மர்தானா எனப்படும் உள்வீட்டில் அடைந்திருந்து சமையலையும் குழந்தை வளர்ப்பையும் கவனிக்கின்றனர். அந்நாட்டு அரசியின் ஆணைப்படி பெண்கள் அனைவரும் கல்வி கற்கின்றனர். 21 வயதிற்கு முன் எப்பெண்ணுக்கும் திருமணம் செய்யப்படுவதில்லை. பெண்களுக்கான இரு பல்கலைக்கழகங்களுள் ஒன்று பலூன் மூலம் முகில்களிலிருந்து நேரடியாக நீர் எடுக்கும் முறையைக் கண்டுபிடிக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியை உருவாக்குகிறது. படைபலத்தைப் பெருக்குவதில் முனைந்திருந்த ஆண்கள் இவ்வாய்வுகளை எள்ளி நகையாடுகின்றனர். பின்னர் அண்டை நாட்டுடன் மூண்ட போரில் ஆண்களின் படை தோற்கிறது. அப்போது பல்கலைக்கழகத் தலைவி ஒருவர் இரண்டாயிரம் மாணவியருடன் சென்று, திரட்டிய வெப்பத்தையும் ஒளியையும் பகைவர் மீது செலுத்தி அவர்களைத் துரத்துகிறார். அதற்கு முன்பே அவரது வேண்டுகோளின்படி உள்வீடு புகுந்த ஆண்கள் பின்னர் வெளியே வரவில்லை. ஐதரசன் உருண்டைகளின் உதவியால் பறக்கும் ஊர்தி, மின்னாற்றலால் நடைபெறும் உழவு, நாளொன்றுக்கு இரண்டு மணி நேர அலுவலகப் பணி ஆகியவையும் கதையில் இடம்பெறுகின்றன.

பள்ளி

1909 இல் கணவர் மறைந்தார். பெண் கல்விக்கென அவர் விட்டுச் சென்ற பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டில் ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் ரோக்கேயா பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கணவரின் முதல் மனைவி வழி உறவினருடன் ஏற்பட்ட பூசலால் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. மார்ச் 16, 1911 அன்று கொல்கத்தாவில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் திறந்தார்.

கதையில் கோஷா முறையைத் தலைகீழாக்கியவர், பள்ளியை நடத்துவதற்கு அம்முறையுடன் இணங்கிச் செல்ல வேண்டியிருந்தது. மாணவியர் மூடப்பட்ட வண்டிகளிலேயே அழைத்து வரப்பட்டனர். காற்றுப் புகாத பேருந்தில் குழந்தைகள் மயங்கி விழுந்தனர். திரைச்சீலை பொருத்தியபோது அது காற்றில் விலகுவதாகக் கண்டனம் எழுந்தது. ரோக்கேயாவும் பர்தா அணிந்தே வெளியில் சென்றார். பிள்ளைகளை அனுப்புமாறு வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் வேண்டினார். 1916 இல் முசுலிம் பெண்களுக்கான சங்கம் ஒன்றையும் நிறுவினார்.

பிற படைப்புகள்

மோதிசூர் (இரு தொகுதிகள், 1904, 1922) கட்டுரைகளும் கதைகளும் அடங்கியது. பத்மராக் (1924) என்னும் புதினம், பல சமயங்களைச் சேர்ந்த கைவிடப்பட்ட பெண்கள் ஒன்றாக வாழ்ந்து பள்ளியும் மருத்துவமனையும் நடத்தும் இல்லம் ஒன்றைச் சித்திரிக்கிறது. அபரோத்பாசினி (1931) கோஷா முறையால் பெண்கள் அடைந்த துன்பங்களை 47 குறிப்புகளில் பதிவு செய்கிறது.

பிற்கால வாசிப்பு

ஆண்கள் இல்லாத நாட்டைச் சித்திரித்த சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ஹெர்லாண்ட் 1915 இல் வெளியானது; ரோக்கேயாவின் கதை அதற்குப் பத்தாண்டுகள் முற்பட்டது. பெண்கள் மட்டுமே வாழும் உலகம் என்னும் கருப்பொருளைப் பிற்காலத்தில் தன்பாலீர்ப்புப் பெண்களான அறிபுனை எழுத்தாளர்களும் கையாண்டனர். அவர்களுள் ஜோன்னா ரஸ் எழுதிய த ஃபீமேல் மேன் (1975) குறிப்பிடத்தக்கது.

ரோக்கேயாவின் கதை தன்பாலீர்ப்பைப் பற்றிப் பேசுவதன்று. எனினும் பால்புதுமைப் பெண்களின் அறிபுனை, கனவுருப்புனைவு நூல்களைத் தேடிப் படிப்போருக்கு இக்கதை நல்லதொரு தொடக்கமாக அமையும். தெருவில் நடக்கக் கூசும் சுல்தானாவைப் பெண்நாட்டினர் ஆண்தன்மை உடையவள் என்று கேலி செய்கின்றனர். கூச்சமும் அச்சமும் அங்கே ஆண்களுக்குரிய இயல்புகள். ஆண்மை, பெண்மை என்பவை இயற்கை வகுத்தவை அல்ல, வழக்கம் வகுத்தவை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

வெயிலைப் பயன்கொள்ளும் கதைப்பகுதி தமிழக வாசகருக்கும் நெருக்கமானது. மழை குறைந்த விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள் வறண்ட வானிலையைச் சார்ந்தே வளர்ந்தன. பெண்கள் பெருமளவில் அவற்றில் உழைக்கின்றனர். அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்நிலையம் 2016 இல் நிறுவப்பட்டது. கதையில் வரும் பெண்கள் கருவியை மட்டும் ஆக்கவில்லை. அதன் பயனாகத் தம் உழைப்பு நேரத்தையும் குறைத்துக்கொண்டனர்.

மறைவும் நினைவும்

ரோக்கேயா டிசம்பர் 9, 1932 அன்று கொல்கத்தாவில் காலமானார். பெண்களின் உரிமை குறித்த கட்டுரை ஒன்று அப்போது முற்றுப்பெறாமல் இருந்தது. வங்காளதேசத்தில் டிசம்பர் 9 ரோக்கேயா நாளாகக் கொண்டாடப்படுகிறது. ரங்கப்பூரில் உள்ள பல்கலைக்கழகத்திற்கு 2009 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது. சென்னையைச் சேர்ந்த தாரா பதிப்பகம், கோண்டு ஓவியர் துர்காபாயின் ஓவியங்களுடன் சுல்தானாவின் கனவை 2005 இல் வெளியிட்டது. எசுப்பானிய இயக்குநர் இசபெல் எர்குவேரா இக்கதையைத் தழுவி எடுத்த அசைவூட்டத் திரைப்படம் 2023 இல் வெளிவந்தது. 2024 இல் யுனெசுக்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் ஆசிய-பசிபிக் வட்டாரப் பதிவேட்டில் இக்கதை சேர்க்கப்பட்டது.